இரண்டாவது வாய் யாருக்கு?

பல் டாக்டர் தோல்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மேஜைமேல் வந்து விழுந்தது பார்வைக்கு ஒரு கறுப்பு ஜந்து மாதிரி இருந்தது. நாலைந்து ரப்பர் குழாய்கள், அவை சேரும் இடத்தில் பளபளவென்று ஒரு உலோகக் குமிழ், இரண்டு குழாய்களின் நுனியில் இரண்டு வாய்கள். ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள்.

ரேடியோ நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "டாக்டர், இது கடிக்குமா?"

"நாமதான் இதைக் கடிக்கணும்," என்றார் பல் டாக்டர், சிரிக்காமல். "ரெகுலேட்டர். இந்தக் குமிழைக் காத்து டேங்க்ல மாட்டி, வாயைப் பல்லால கவ்விக்கிட்டு கடலுக்குள்ள இறங்கறது. என் மனைவி அலமாரியில, ஸ்வெட்டருக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்தா."

"அவங்க டைவிங் சொல்லிக்குடுக்கறவங்கதானே? அலமாரியில பல் பிடுங்கற இடுக்கி இருந்தாத்தான் நீங்க பயப்படணும்."

"ரேடியோ," என்றாள் அண்ணி. வால்யூமைக் குறைக்க அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

தையல் கடை மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் ஆபீஸில் மூளை அண்ணி, வாய் ரேடியோ. வாய் ஓயாததால் வீட்டில் வைத்த பெயர் அது. அண்ணனின் மனைவியிடம் உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு கேஸையும் அண்ணிதான் முடித்தாள். சாப்பிட உட்கார்ந்தால் அப்பா, "மருமக மூளை யாருக்கு வரும்!" என்று ஆரம்பித்துவிடுவார், பெற்ற மகள் எதிரிலேயே தட்டோடு உட்கார்ந்திருப்பது கண்ணில் படாமல். அண்ணிமேல் ரேடியோவுக்குப் பாசம் உண்டு. அந்தப் பாசத்துக்குப் பக்கத்திலேயே பொறாமையும் காலை நீட்டிப் படுத்திருந்தது. ஒரே ஒரு கேஸையாவது அண்ணிக்கு முன்னால் தான் முடித்துக் காட்டிவிட வேண்டும், அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

"சரி, ஒளிச்சு வெச்சிருந்தாங்க. அதுல என்ன சந்தேகம்?" என்றாள் அண்ணி.

"அவ வேலை செய்யற சென்டர்ல சீனியர்னு ஒரு டீச்சரம்மா. அவங்ககிட்ட ரகசியமா காட்டினேன். எங்க டேங்க் ஒண்ணுக்கும் இது பொருந்தாதேன்னுட்டாங்க. அங்க இருக்கறதெல்லாம் கிளாம்ப் போட்டு இறுக்கற வகையாம். இது திருகி மாட்டற மரை. அப்ப வேற யாரோட டேங்குக்கு வாங்கியிருக்கா?" அவர் மஞ்சள் வாயைத் தொடக்கூடக் கூசியவராக விரலால் சுட்டினார். "இதையும் பாருங்க. ரெண்டு வாய்! கறுப்பு இவளோடது. கடிச்ச தடம் இருக்கு. மேல் கோரைப்பல் லேசா திரும்பியிருக்கும், எனக்குத் தெரியாதா? அப்ப மஞ்சள் யாருக்கு?"

கேட்கும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. ரேடியோவுக்கே பாவமாக இருந்தது.

"இன்னைக்கு சென்டருக்கு லீவு போட்டிருக்கா. எங்கிட்ட சொல்லல. துறைமுகத்துல வேலை இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்பினா. சாயங்காலத்துக்குள்ள எனக்கு அந்த ஆளோட பேர் வேணும் மேடம். அவ திரும்பி வரும்போது பெட்டி வாசல்ல இருக்கும். கட்டியே வெச்சுட்டேன்."

"இதை எடுத்துட்டு வந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. காலைல இதைத் தன் பையில எடுத்து வெச்சுட்டுக் குளிக்கப் போனா, அப்ப உருவிட்டேன். வீட்ல இருந்தா மறைச்சிடுவா, இன்னைக்கே வெளியில யார்கிட்டயாவது குடுத்து வைங்கன்னு சீனியர்தான் சொன்னாங்க."

அண்ணி குழாய்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

டைவிங் சாமான்கள் விற்றுப் பழுதும் பார்க்கும் கடை ஒன்றுதான் அந்த ஊரில் இருந்தது. ரிப்பேர்காரர் குமிழைக் கையில் வாங்கியதுமே, "நான் வித்ததுதான்," என்றார். "வாங்க வரவங்க வழக்கமா கலர் கேப்பாங்க. ஓசியில கண்ணாடி தருவீங்களாம்பாங்க. இந்தம்மா தனியா வந்தாங்க, கேட்டது ஒண்ணே ஒண்ணு. மரை எவ்வளவு நீளம்?"

"நீளத்துல என்ன இருக்கு?" என்றாள் ரேடியோ.

அவர் மூன்று டேங்க் வால்வுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். முதலாவதில் வாய் தட்டையாக இருந்தது. "இதுல ரெகுலேட்டரை வெச்சு, மேல கிளாம்பைப் போட்டு இறுக்கணும். ஊர்ல முக்கால்வாசி டேங்க் இதுதான். இந்த ரெண்டாவதுல உள்ளயே மரை இருக்கு, திருகி மாட்டலாம். மூணாவதும் மரைதான், ஆனா வாய் ஆழம். அழுத்தம் ஜாஸ்தியா காத்தடைக்கற டேங்குக்கு. குட்டை மரை ரெகுலேட்டர் இந்த ஆழத்துக்கு எட்டாது, காத்து சீறிக்கிட்டு வெளிய வந்துடும். நீள மரை ரெண்டுலயும் உக்காரும். இந்தம்மா வாங்கினது நீளம்."

"திருகற டேங்க் இந்த ஊர்ல யார்கிட்ட இருக்கு?"

"ரெண்டாவது ரகம் மீன்கொத்திகிட்ட இருக்கு. நீலப் படகு வெச்சிருக்கானே, அவன். மூணாவது ரகம்…"

மீன்கொத்தி! ரேடியோவுக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை. முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு, கடற்கரைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் பல்லைக் காட்டும் அந்த ஆளைத் தெரியாதவர்கள் யார்? அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால், அண்ணி மேஜையில் கிடந்த ஏதோ ஒரு பித்தளைத் துண்டை எடுத்து, அதன் நடுவில் இருந்த ஆறு மூலை ஓட்டை வழியாக வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிப்பேர்காரர் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"மகாராணி மெதுவா வரட்டும்," என்று முணுமுணுத்தாள் ரேடியோ.

நீலப் படகு துறைமுகப் பாலத்தை ஒட்டி நின்றது. அவர்கள் நீட்டிய ரெகுலேட்டரை மீன்கொத்தி தன் டேங்கில் வைத்துத் திருகினான். கச்சிதமாக உட்கார்ந்தது. வால்வைத் திறந்தான். காற்று துளிகூடக் கசியவில்லை.

"ஆஹா, ஜோடிப் பொருத்தம் அமோகம்," என்றாள் ரேடியோ.

"அக்கா, சத்தியமா அந்தம்மா என் படகுல காலே வெச்சதில்ல."

மாட்டிக்கொண்ட எல்லாரும் சொல்வதுதான் இது. ரேடியோ படகின் பின்பக்கம் நழுவிப்போய் போனை எடுத்தாள். "டாக்டர், ஆள் கிடைச்சாச்சு. மீன்கொத்தி. நீலப் படகு. கண்டுபிடிச்சது நான்தான், அண்ணி இல்ல." எதிர்முனையில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு லைன் துண்டிக்கப்பட்டது.

திரும்பி வந்தபோது அண்ணி மீன்கொத்தியின் சொந்த ரெகுலேட்டர்களை வரிசையாகப் பார்த்து முடித்திருந்தாள். "எல்லாம் பழைய குட்டை மரை. நீளம் இவருக்குத் தேவையே இல்ல," என்றாள். அவள் பார்வை பாலத்தின் கோடியில் இருந்த சாம்பல் நிறக் கொட்டகைமேல் இருந்தது. "ரேடியோ, வண்டியை எடு. சென்டருக்குப் போகணும்."

"எதுக்கு? அதான் பொருந்திடுச்சே!"

"பொருந்தினா அவர்தான்னு எப்படிச் சொல்றது? பொருந்தாதுன்னு ஒருத்தங்க சொன்னாங்களே, அதைத்தான் இப்பப் பாக்கணும்."

டைவிங் சென்டரில் ஈரமான ரப்பர் உடுப்புகள் கொடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சுவரோரம் டேங்குகள் வரிசையாக நின்றன. சீனியர் இருவரையும் நன்றாகவே வரவேற்றாள். நாற்பதைத் தாண்டிய, வெயிலில் காய்ந்த முகம். கழுத்தில் ஒரு சாவிக்கொத்து.

"அவளா? ரொம்ப நல்ல பொண்ணு. கெட்டிக்காரி. வந்து நாலு வருஷத்துல எல்லாரும் அவ பேர்தான் சொல்றாங்க. எனக்கும் சந்தோஷம்தான்." சீனியர் புன்னகை செய்தாள். "ஆனா… பாவம், அவ புருஷனை நினைச்சாத்தான் மனசு கேக்கல."

ரேடியோவுக்கு முதுகில் யாரோ பச்சைத்தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. அந்த 'நல்ல பொண்ணு', அந்த 'சந்தோஷம்தான்', அதற்கப்புறம் வந்து நின்ற அந்த 'ஆனா'. எல்லாம் அவளுக்கு மனப்பாடமான பாட்டு. போன வாரம்கூட அத்தை வீட்டில் அண்ணியைப் பற்றி அவளே இதைப் பாடிவிட்டு வந்திருந்தாள். 'அண்ணி தங்கம். ரொம்பக் கெட்டிக்காரி. ஆனா…'

அண்ணியின் காதருகே குனிந்தாள். "அண்ணி, இந்தம்மாவுக்கு வயிறு எரியுது. சாதாரணமா இல்ல, அடுப்பே வைக்கலாம்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும். கேக்காதீங்க."

அண்ணி கேட்கவில்லை. சுவரோரம் நடந்துபோய் ஒரு டேங்கின் தட்டை வாயைக் குனிந்து பார்த்தாள். அதன் நடுவில் ஒரு பித்தளைத் துண்டு பதிந்திருந்தது. அந்தத் துண்டின் நடுவில் ஆறு மூலை ஓட்டை.

"இந்த பிளக்கைக் கழட்டினா உள்ள என்ன இருக்கும்?" என்றாள்.

சீனியரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அண்ணி கையை நீட்டி, அவள் கழுத்துச் சாவிக்கொத்திலிருந்த ஆறு மூலை ஆலன் கீயைப் பிடித்து, "கொஞ்சம் குடுங்க," என்றாள். அவ்வளவு மரியாதையாகக் கேட்டதால் சீனியருக்கும் கழற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஆறு மூலையில் சாவியைச் செருகித் திருகியதும் பித்தளைத் துண்டு கையோடு வந்தது. உள்ளே மரை. பல் டாக்டரின் பையிலிருந்த ரெகுலேட்டரை வைத்துத் திருகினாள். போய் உட்கார்ந்தது.

"இந்த டேங்க் எல்லாமே ரெண்டு விதமாவும் வேலை செய்யும். பிளக் இருந்தா கிளாம்ப், எடுத்தா மரை. சாவியைக் கழுத்துலயே மாட்டிக்கிட்டு, பொருந்தாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்க. பல் டாக்டருக்கு பிளக்கைப் பத்தி என்ன தெரியும்?"

"நான்… மறந்து…"

"கழுத்துல இருக்கறதை எப்படிம்மா மறப்பீங்க?" என்றாள் ரேடியோ. அப்போதுதான் அவள் கண் கதவோரம் போனது. அங்கே ஒரு பயணப் பை, ஜிப் பாதி மூடாமல். உள்ளேயிருந்து ஒரு உலோகக் குமிழ் எட்டிப் பார்த்தது. அதே நீள மரை. "அண்ணி! இங்க இன்னொண்ணு! இந்தம்மாவும் நீளம் வாங்கியிருக்காங்க!"

அண்ணி தலையாட்டினாள். "ஆழமான வாய் டேங்க் இந்த ஊர்ல ஒரே இடத்துலதான் இருக்கு. நீ வாசலுக்கு ஓடினதுக்கப்புறம் ரிப்பேர்காரர் சொன்னார். துறைமுக மீட்புப் படை. பாலத்துக் கோடியில சாம்பல் கொட்டகை. இப்பத்தான் இங்க சுவர்ல நோட்டீஸைப் பாத்தேன், இன்னைக்கு அங்க ஆள் எடுக்கறாங்க, ஒரே ஒரு இடம். டேங்க் அவங்க தருவாங்க, ரெகுலேட்டரை நாமதான் பாத்து வாங்கிட்டு வரணும். இரவல் கிடையாது. சரியானதைத் தேர்ந்தெடுக்கத் தெரியுதாங்கறதே அவங்களோட முதல் கேள்வி."

காலையிலிருந்து அவர்கள் தூக்கிக்கொண்டு அலைந்தது துப்பு இல்லை. ஒருத்தியின் தேர்வையே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். சீனியர் டாக்டரின் காதில் பொறாமையை ஊதினாள், டாக்டர் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தார், இவர்கள் அதைப் பத்திரமாக ஒளித்து வைத்துக்கொண்டார்கள். ஊரே சேர்ந்து அந்தப் பெண்ணின் மூச்சைத் திருடியிருந்தது.

"நீங்களும் அங்கதானே போகணும்? வாங்க, எங்க வண்டியிலயே போயிடலாம்," என்றாள் அண்ணி சீனியரிடம். சீனியர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

வண்டி சந்தை முனையைத் தாண்டும்போது ரேடியோ வேகத்தைக் குறைத்தாள். "அண்ணி. டாக்டருக்கு நான் போன் பண்ணிட்டேன். மீன்கொத்தின்னு."

"எப்போ?"

"படகுல. நீங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நான் கண்டுபிடிக்கணும்னு…" மீதி வெளியே வரவில்லை.

அண்ணி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சீக்கிரம் ஓட்டு," என்று மட்டும் சொன்னாள்.

பாலத்தில் பல் டாக்டர் மீன்கொத்தியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். மீன்கொத்தி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, "சார், நீங்க யாருன்னாவது சொல்லிட்டு அடிங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அண்ணி ஓடிப்போய் ரெகுலேட்டரை டாக்டரின் நெஞ்சுக்கும் மீன்கொத்தியின் சட்டைக்கும் நடுவே திணித்தாள்.

"டாக்டர், மஞ்சளைப் பாருங்க. பல் பாக்கறதுதானே உங்க தொழில்?"

அவர் விழித்தார். பழக்கத்தில் கட்டைவிரல் தானாக மஞ்சள் வாயின் உள்விளிம்பைத் தடவியது. மேலே, கீழே, இடது, வலது. வழவழவென்று இருந்தது.

"தடமே இல்ல," என்றார்.

"யாரும் கடிக்கல. ஊர்ல இருக்கற எல்லா ரெகுலேட்டர்லயும் ரெண்டு வாய் உண்டு. கீழ யாருக்காவது காத்து தீர்ந்துபோனா நீட்டறதுக்கு அது."

"கறுப்புல கோரைப்பல் வரைக்கும் படிச்சீங்க," என்றாள் ரேடியோ. "மஞ்சளைத் திருப்பிக்கூடப் பாக்கல."

டாக்டரின் கை சட்டையை விட்டது. அண்ணி நான்கு வாக்கியத்தில் மீதியைச் சொன்னாள். பாலத்தின் கோடியில் ரப்பர் உடுப்போடு ஒரு பெண் தரையில் மண்டியிட்டு, பையிலிருந்ததை எல்லாம் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள். தேடி முடித்த பையைத்தான் மறுபடியும் தேடுகிறாள் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. தேர்வு அதிகாரி விசிலைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஓடுங்க டாக்டர்!" என்று ரேடியோ கத்தினாள்.

அவர் ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது.

அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் மனைவி எழுந்து நின்றாள். "நீங்களா எடுத்தது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"வேற யாரோன்னு… சொல்லியிருக்கலாமே நீ."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். அவர் நாற்காலியில் உட்காரும் நோயாளிகள் மாதிரியே வெகுநேரம் திறந்தபடி இருந்தது அந்த வாய். "மாட்டேன்," என்றார் கடைசியில்.

அவள் ரெகுலேட்டரை வாங்கி, படையின் டேங்கில் வைத்துக் கையாலேயே திருகி இறுக்கினாள். ரேடியோவால் சும்மா இருக்க முடியவில்லை. "பொருந்தாதுன்னு இவர்கிட்ட சொன்னதும், வீட்டை விட்டு வெளிய குடுத்து வைக்கச் சொன்னதும் உங்க சீனியர்தான்!" என்று போட்டு உடைத்தாள். அந்தப் பெண் திரும்பிச் சீனியரைப் பார்த்தாள். சீனியர் தன் பெல்ட்டைச் சரிசெய்வதிலேயே குறியாக இருந்தாள்.

அதிகாரிக்கு இதெல்லாம் தெரியாது. "ரெண்டு பேரும் ஜோடியா இறங்கணும். கடைசியில எங்க ஆள் உங்கள்ல ஒருத்தரோட காத்தை மூடுவார். யாரோடதுன்னு சொல்ல மாட்டோம். அடுத்தவங்க தன் ரெண்டாவது வாயைக் குடுத்து மேல கூட்டிட்டு வரணும். குடுக்கத் தயங்கினா ரெண்டு பேருமே பெயில்," என்றார்.

விசில் ஒலித்தது. இரண்டு பெண்களும் ஏணியில் இறங்கித் தண்ணீருக்குள் மறைந்தார்கள். இரண்டு இடத்தில் குமிழி வந்துகொண்டிருந்தது.

டாக்டர் ஒற்றைச் செருப்போடு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆள்னு ஒருத்தன் இருந்திருந்தா சண்டை போட்டிருப்பேன் மேடம். கடலோட நான் என்ன சண்டை போடறது?" பிறகு, "காத்தை யாருக்கு மூடுவாங்க?" என்று கேட்டார்.

ஒரு இடத்துக் குமிழி நின்றது. ரேடியோ அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே எவளோ ஒருத்திக்கு மூச்சு இல்லை. இன்னொருத்தி தர வேண்டும். தன்னை ஏமாற்றியவளாக இருந்தால் தருவாளா? நானாக இருந்தால் தருவேனா? அப்புறம் குமிழி மறுபடியும் வந்தது, இந்தத் தடவை ஒரே இடத்தில், இரண்டு மடங்காக.

தலைகள் மேலே வந்தன. டாக்டரின் மனைவி வாயில் கறுப்பு. அவள் இடது கை சீனியரின் கைக்குள் கோத்திருந்தது. சீனியர் வாயில் மஞ்சள். ஏணியைப் பிடித்த பிறகும் சீனியர் அதை விடவில்லை. அந்தப் பெண்தான் மெல்ல எடுத்துவிட்டாள்.

யாருக்கு வேலை என்பது மறுநாள்தான் தெரியும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். மனைவி நேராகக் கணவனிடம் வந்தாள். "பெட்டி கட்டி வெச்சிருக்கேன்," என்று அவரே ஒப்புக்கொண்டார். "உன்னோடது."

"அதைப் பிரிக்கறதா, வேண்டாமான்னு நான் வந்து சொல்றேன்." அவள் சொட்டச் சொட்ட ரெகுலேட்டரை அவர் கைகளில் வைத்தாள். "முதல்ல இதை நல்ல தண்ணியில கழுவி வைங்க. உப்பு."

அவள் உடை மாற்றப் போனதும் டாக்டர் மஞ்சள் வாயைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். ரேடியோவும் எட்டிப் பார்த்தாள். புது ரப்பரில் பல் தடம் ஆழமாக விழுந்திருந்தது.

"எவ்வளவு அழுத்திக் கடிச்சிருக்காங்க," என்றார் அவர் மெதுவாக. "குடுக்க மாட்டாளோன்னு கடைசி வரைக்கும் பயந்திருக்காங்க."

திரும்பும் வழியில் பின்சீட் காலியாக இருந்தது. சந்தை முனை வரை வண்டியில் சத்தமே இல்லை. அப்படி ஒரு சாதனையை ரேடியோ அதற்குமுன் செய்ததில்லை.

"அண்ணி."

"ம்."

"கீழ நான் மாட்டிக்கிட்டிருந்தா, நீங்க எனக்குக் குடுத்திருப்பீங்களா?"

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எப்போ? நீ போன் பண்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"